மீனுக்கு வீடு கட்டியவன்

1

இன்றோடு நாங்கள் செம்பூருக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. காலையில் பங்களா மானேஜர் என்னைக் கூப்பிட்டு, தென்புறச் சுவரோரம் நிற்கிற ரோஜாச் செடிகளைக் காட்டி, "இஸ் சால் பூல் கியோன் நஹீ ஆயா?" என்று கேட்டார். போன வருஷம் கை அகலத்துக்குப் பூத்த செடி இந்த வருஷம் ஏன் பூக்கவில்லை என்று அவருக்குக் கவலை.

நான் குழாய் பிட்டர். ரோஜாவைப் பற்றி என்னிடம் எதற்குக் கேட்கிறார் என்று ஊரில் இருக்கிற நீங்கள் நினைக்கலாம். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வைத்திருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

எனக்கு வருகிற கடிதங்களில் எல்லாம் "பம்பாயில் உங்களுக்கு என்ன குறை" என்று ஒரு வரி இருக்கும். கெட்டும் பட்டணம் சேர் என்று சொல்லிவைத்த புண்ணியவான் எந்தப் பட்டணத்தில் எந்தக் குழாயடியில் குடத்தோடு நின்றான் என்று எனக்குத் தெரியவேண்டும்.

2

இதற்கு முன்னால் பதினோரு வருஷம் தாராவியில் இருந்தோம். பிட்டர் வீட்டில் குழாய் கிடையாது. மாதுங்காவிலும் ஆண்டாப் ஹில்லிலும் மாடி மாடியாக ஏறி அடுத்தவன் வீட்டுக்கெல்லாம் தண்ணீர் வரவழைத்துவிட்டு நான் திரும்புவேன். என் பெண்டாட்டி பூரணம் நாலு சந்து தள்ளி வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். தண்ணீர் வருகிற நேரம் நான் வேலையில் இருக்கிற நேரம். பத்து வயது மகள் செல்வி ஒரு டால்டா டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பாள். டின் தண்ணீரில் என்ன ஆகும், சோறு பொங்கினால் பாத்திரம் கழுவ இருக்காது.

குடம் தூக்கித் தூக்கிப் பூரணத்துக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என்னை வெளியே நிறுத்தி வைத்துத் திட்டினாள். இனிமேல் இவள் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது, தூக்கினால் அப்புறம் என்னிடம் வராதே என்று சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் நான் வேலைக்குப் போனபிறகு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கேட்டதற்கு, "நாக்குல ஊத்திக்க வேண்டாமா? டாக்டரம்மா வந்து ஊத்துவாளா?" என்றாள்.

எனக்குக் குழாய் வைத்த ஒரு அறை வேண்டியிருந்தது. அதற்காக யார் காலையும் கழுவுகிற நிலைமையில் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

3

செம்பூரில் ஒரு சேட். பெரிய பங்களா, பெரிய தோட்டம், உள்ளேயே வற்றாத கிணறு. மீன் தொடாத குடும்பம். வெங்காயம்கூட அந்தச் சமையல்கட்டுக்குள் போகாது. அப்பேர்ப்பட்டவர் தோட்டத்தில் மீன்குளம் வெட்டினார். ஏனென்றால் அவரோடு வியாபாரம் பேச வருகிற கம்பெனி துரைமார்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் பிரியம். ஏரிக்குப் போனால் கூட்டமாம், வெயிலாம். அதனால் வீட்டுக்குள்ளேயே ஏரி.

தண்ணீர்க் குழாய் போட என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் குளிக்கிற தொட்டி மாதிரி நீளச் சதுரமாக வெட்டி, தரை முழுக்க நீல ஓடு பதிக்கத் தயாராக வைத்திருந்தான் இஞ்சினியர். எல்லா இடமும் ஒரே ஆழம். ஒரு கல் கிடையாது, ஒரு பொந்து கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டு குழாயைப் போட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "சாப், இதர் மச்லி நஹீ ரஹேகா. மச்லி கோ கர் கிதர் ஹை?" என்று கேட்டேன். இங்கே மீன் இருக்காது, மீனுக்கு வீடு எங்கே என்று கேட்டதும் இஞ்சினியர் சிரித்தான், மானேஜரும் சிரித்தார். சேட் சிரிக்கவில்லை. "வீடு என்றால் எப்படி?" என்று கேட்டார்.

என் அப்பா தாமிரபரணிப் பாசனத்துக் குளங்களில் மீன் குத்தகை எடுத்தவர். அந்தத் தொழிலில் இருந்த அடிதடியும் கோர்ட்டும் பொறாமையும் பார்த்து அருவருத்துத்தான் நான் ரயில் ஏறினேன். குளம் என்று சொன்னால் உருகுகிற ஆள் நானல்ல. ஆனால் மீன் எங்கே படுக்கும், எங்கே மேயும், எதற்குப் பயப்படும் என்பது மறந்துபோகிற சமாச்சாரமா? மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினேன். ஒரு மூலை பத்தடி ஆழம் வேண்டும், வெயில் ஏறினால் மீன் இறங்கிப் படுக்க. எதிர்ப்பக்கம் முழங்கால் ஆழத்துக்குச் சரிவு வேண்டும், காலையில் மேய. அடியில் ஓடு ஆகாது, ஒரு சாண் களிமண் வேண்டும். புதுச் சிமெண்ட்டின் காரம் மீனைக் கொன்றுவிடும், அதனால் நிரப்பி வடித்து நிரப்பி வடித்துக் காரத்தை எடுக்கவேண்டும். ஒளிய இடம் வேண்டும்.

சேட் மானேஜரைப் பார்த்து, "இவனையே செய்யச் சொல்" என்றார். மானேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, வேலை சரியாக நடந்தால் பின்பக்கம் ஆட்களுக்குக் கட்டியிருக்கும் வரிசையில் ஒரு அறை காலியாக இருக்கிறது, குளத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம் என்றார். அறைக்குள் ஒரு மூலையில் குளிக்கவும் கழுவவும் வடிகாலோடு தனி மோரி இருந்தது. மோரிக்கு மேலே ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. நான் அதைத் திறந்து பார்த்தேன். பட்டப்பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது.

4

சிமெண்ட்டுக் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு மூன்று தடவை குளத்தை நிரப்பி மூன்று தடவை வடித்தேன். ஒரு குளத்துத் தண்ணீர் முழுதும் தெருச் சாக்கடையில் ஓடுவதை நின்று பார்த்தேன். அந்த நாளெல்லாம் பூரணம் வரிசையில்தான் நின்றாள்.

சுகாதார ஆபீசுக்கு ஒரு பாரம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் எதற்கு என்ற இடத்தில் குளிக்க, தோட்டத்துக்கு, அலங்காரத்துக்கு என்று மூன்றுதான் இருந்தது. மீன் குடியிருக்க என்று இல்லை. மானேஜர் அலங்காரம் என்று கோடு போட்டார். அலங்காரம் என்றால் கொசு வரும் என்று ஒருவர் வந்து பார்த்து, கரையில் நான் நட்ட செடி கொடியை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு, கொசுப் புழு தின்னும் குட்டி மீன்களை விடச் சொன்னார். விட்டோம். நான் முன்பே சோதனைக்கு விட்டிருந்த விரால்கள் அந்தக் குட்டி மீன்களை மூன்றே நாளில் தின்று தீர்த்தன.

பெரிய தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. அது என் தப்பு. எங்கள் பக்கம் குளத்தில் மீன் வளர விட்டதும் செய்கிற முதல் காரியம், கருவேல முள்ளைக் கட்டுக் கட்டாக வெட்டித் தண்ணீருக்குள் அமுக்குவது. மீனுக்கு ஒளிய இடமும் ஆச்சு, திருட்டு வலை போட்டால் கிழிந்து நாராகும். குத்தகைக்காரனுக்கு உறக்கம் வருவதே அந்த முள்ளை நம்பித்தான். நானும் அப்படியே டிராம்பே ரோட்டோரம் நின்ற, இங்கே பாபூல் என்கிற கருவேல மரங்களை வெட்டி ஐந்து வண்டி முள்ளை இறக்கி, கல்லைக் கட்டி அமுக்கினேன். ரோகு மீனும் கட்லாவும் கைமுழ நீளத்தில் வாங்கி வந்து விட்டோம். முள்ளுக்குள் போய்ச் சுகமாகக் குடியேறின. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திறப்பு அன்று நாலு துரைமார் வந்தார்கள். குடை நட்டு, நாற்காலி போட்டு, பீர் வைத்து, தூண்டிலை வீசினார்கள். முதல் தூண்டில் முள்ளில் மாட்டியது. இரண்டாவதும் மாட்டியது. பகல் சாப்பாட்டுக்குள் பதினோரு தூண்டில் நரம்பு அறுந்தது, ஒரு மீன்கூட வரவில்லை. ஒரு துரை சிரித்துக்கொண்டே சேட்டின் முதுகில் தட்டினான். சேட்டின் முகம் செத்துவிட்டது.

மானேஜர் என்னைக் கரைக்கு இழுத்து வந்து எல்லார் முன்னாலும் கேட்டார். "காண்டா கிஸ்னே டாலா? கியோன் டாலா?" முள்ளைப் போட்டது யார், ஏன் போட்டான் என்று.

"திருடனுக்காக, சாப்" என்றேன்.

"இங்கே யாருடா திருடன்? இந்த வீட்டில் மீன் பிடிக்கிறவரே முதலாளியின் விருந்தாளிடா."

அது என் மண்டையில் ஏறவே இல்லை பாருங்கள். குளம் என்றால் பிடிக்கிறவன் திருடன் என்றே வளர்ந்த புத்தி. பிடிபடுவதற்கென்றே மீனை வளர்க்கிற குளம் உலகத்தில் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? அரைக்கால் சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி, துரைமார் பீர் குடித்துக்கொண்டு பார்க்க, முள்ளைக் கட்டுக் கட்டாக வெளியே இழுத்துப் போட்டேன். உள்ளங்காலில் ஏறிய முள் ஒன்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அறை போச்சு என்று நினைத்தபோது கால் வலி தெரியவில்லை.

5

ஒரு மாசத் தவணை கேட்டேன். கொடுத்தார்கள்.

இந்தத் தடவை திருடனை மறந்தேன். மீன் ஒளியவும் வேண்டும், தூண்டில் மாட்டவும் கூடாது. கூர் உள்ள எதுவும் ஆகாது, வழவழப்பாக இருக்கவேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப் பின்னால் உடைந்து கிடந்த பீங்கான் வடிகால் குழாய்களைக் கொண்டுவந்து, மூன்று கீழே இரண்டு மேலே என்று அடுக்கினேன். தாராவிக் குயவர் தெருவில் விரிசல் விட்ட பெரிய பானைகள் நாற்பது வாங்கி, பக்கத்தில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்தேன். பட்டை சீவின மூங்கிலை நெருக்கமாகச் செங்குத்தாக நட்டேன். இதையெல்லாம் எங்கே வைப்பது என்பதுதான் சூட்சுமம். நாற்காலியில் உட்கார்ந்தபடி வீசினால் தூண்டில் எங்கே விழும் என்று அளந்து பார்த்து, சரியாக முப்பது அடி தள்ளி வைத்தேன். தினமும் ஒரே நேரத்தில் இரும்புத் துண்டைத் தட்டி, அந்த இடத்திலேயே கடலைப் பிண்ணாக்கும் தவிடும் உருட்டிப் போட்டேன். பத்தே நாளில் தட்டின சத்தத்துக்கு மீன் கூடியது.

வீடு கட்டிக் கொடுத்து, சோறு போட்டு, நம்பவைத்து, கழுத்தைக் கொடுக்கப் பழக்கினேன். தூ, இதற்குத் திருடனே தேவலை.

அடுத்த ஞாயிறு துரைமார் ஒன்பது மீன் பிடித்தார்கள். சேட் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போட்டோ எடுத்தார்கள். அதற்குமேல் அந்த மீனை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஹோட்டலில் தங்கியிருக்கிறவன் மீனைக் கொண்டுபோய் என்ன செய்வான்? சேட் வீட்டுச் சமையல்கட்டுக்குள் போகாது. வேலைக்காரர்கள் எடுத்துப் போகலாம் என்றால், அந்த வீட்டு வாசல் வழியாக மீன் வெளியே போனதை சேட்டின் ஜாதிசனம் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடுமாம். கொல்வதில் போகாத மானம் தின்பதில் போகிறது. தானும் படான், தள்ளியும் படான்.

"தென்புறச் சுவரோரம் குழி வெட்டிப் புதை. ரோஜாவுக்கு நல்லது" என்றார் மானேஜர்.

ரேஷனில் அரிசி கிடைக்காமல் சனங்கள் சோளத்தை அரைத்துத் தின்றுகொண்டிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கினாலே அன்று விசேஷம். நான் ஒன்பது மீனையும் புதைத்தேன். ஒன்றின் செவுள் அப்போதும் அசைந்தது.

அந்த வாரமே அறைச் சாவி கொடுத்தார்கள். இங்கிலீஷில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு நிபந்தனை இருந்தது. மானேஜர் ஒன்றை மட்டும் இந்தியில் சொன்னார். அறையில் மீனோ கறியோ சமைத்த வாசனை வந்தால் அன்றைக்கே காலி செய்யவேண்டும். ரேஷன் கார்டு மாற்ற அந்தக் காகிதத்தைக் கொண்டுபோனபோது, என்ன வேலை என்று கிளார்க் கேட்டார். நான் பெருமை பொங்க மீனுக்கு வீடு கட்டுகிறேன் என்று என் இந்தியில் சொல்ல, அவர் மீனவன் என்று எழுதிக்கொடுத்தார். மீனை வாயில் வைக்கக்கூடாத மீனவன். கார்டைத் திருத்த மூன்று தடவை போய் அலைந்து, கடைசியில் விட்டுவிட்டேன்.

6

குழாயைத் திறந்து பூரணம் முதல் குடத்தை நிரப்பியபோது அழுதாள். இதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. வலி குறைந்தது. ராத்திரி புரண்டு படுக்கிறபோது முனகுவது நின்றது. அதற்காகத்தான் நான் ஞாயிறு தவறாமல் புதைத்தேன், அவளிடம் சொல்லாமல்.

மூன்றாம் மாசம் தோட்டக்கார மாலியின் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். நான் உள்ளே வந்ததும் பூரணம் கேட்டாள்.

"மீனைக் குழி வெட்டிப் பொதைக்கீகளாமே, நெசமா?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"வந்ததுலேருந்தே. அதுக்கு முன்னயும்."

"புள்ள சோளக் கஞ்சியக் குடிக்க மாட்டாம அழுதுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுது. நீங்க ரோசாவுக்கு மீன்சோறு போடுதீக" என்றாள்.

"ஏளா, இந்தக் குழாய்க்காகத்தாம் செய்யுதேன்."

"தெரியும். அதுனாலதான் வையாம இருக்கேன்."

அந்த ஞாயிறு துரைமார் போனபிறகு, அடுப்புக்குச் சருகு பொறுக்குகிறேன் என்று அவள் கூடையை எடுத்துக்கொண்டு தென்புறச் சுவருக்குப் போனாள். பொழுது சாயுமுன் இரண்டு ரோகு மீனைச் சருகுக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "கொண்டுபோய்ப் போட்டுட்டு வா. ரூம் போயிரும்" என்றேன். அவள் மோரியில் உட்கார்ந்து குழாயைத் திறந்து மீனைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

புளியைக் கரைத்துக் குழம்பு கொதித்ததும் வாசனை கிளம்பியது. கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டேன். வாசனை சாக்குக்கு அடங்குமா? கதவைத் தட்டினார்கள். காவல்கார கூர்க்கா. இந்த இந்தியைப் பதினோரு வருஷம் பேசியும், அவசரத்துக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

செல்வி எழுந்து போனாள். அவள் முதலிலிருந்தே இந்திப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்தால் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். நான் ஏதாவது கேட்டால் பாதி இந்தியில் பதில் சொல்வாள், அதற்காக நான் அடித்துமிருக்கிறேன். கதவை ஒரு சாண் திறந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அலுத்துப்போன குரலில் சொன்னாள். "மோரி சோக் அப் ஹோ கயா சாச்சா. பாபா பைப் கோல் ரஹே ஹை. பஹுத் கந்தா ஹை, அந்தர் மத் ஆவ்."

மோரி அடைத்துக்கொண்டதாம், அப்பா பைப்பைப் பிரிக்கிறாராம், ரொம்ப நாற்றமாம். கூர்க்கா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். பிட்டர் வீட்டுப் பிள்ளை சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்?

எங்களுக்காக என் மகள் சொன்ன முதல் பொய் சுத்தமான இந்தியில் இருந்தது. கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவள் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். உடனே முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"அப்பா, மண்ணு."

பூரணம் நாலு தண்ணீர் கழுவியும் செவுளிலும் வாலிலும் மண் போகவில்லை. மூன்று பேரும் மண்ணைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டே, ஒரு முள் மிச்சமில்லாமல் தின்றோம்.

7

குளத்துக்கு வாங்கியதில் ஓட்டை போடாத ஏழு பானை மிச்சம் கிடந்தது. அடுத்த வாரம் சுவரோரம் குழியை ஆழமாக வெட்டினேன். அடியில் வாழையிலை போட்டு, மீனை அடுக்கி, மேலே ஈர இலை மூடி, அதன்மேல் பானையைக் கவிழ்த்து, பிறகு மண்ணைத் தள்ளினேன். மானேஜர் தூரத்தில் நின்று பார்த்துத் தலையாட்டினார். இரண்டு மணி நேரம் கழித்துப் பூரணம் சருகு பொறுக்கப் போனபோது மீன் மேல் ஒரு பொட்டு மண் இல்லை. அன்றையிலிருந்து எங்கள் வரிசையில் ஆறு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மீன் தின்கிறது. மாலி குடும்பமும் அதில் உண்டு. எல்லார் வீட்டு மோரியும் ஞாயிறு சாயங்காலம் அடைத்துக்கொள்ளும். நான் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வருவேன்.

நல்ல கதை என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் வேலை தெரிந்தவன், தண்ணீருக்குள் இருக்கிற ஜீவனுக்கு எது சுகம் என்று அறிந்தவன், அந்த அறிவையெல்லாம் கூட்டி நம்பிவந்த மீனைக் காட்டிக்கொடுக்கிறேன். பிறகு புதைக்கிறேன். பிறகு கொல்லைப்புறமாகத் தோண்டி, சாக்குக்குப் பின்னால் ஒளிந்து தின்கிறேன். சேட்டைப் பார்த்து வருகிற அருவருப்பு பாதி, என்னைப் பார்த்து வருவது மீதி. மானேஜர் ஆபீசில் மணி அடித்தால் எங்கள் அறைக்குக் கேட்கும். அந்தத் தூரத்தையும் யாரோ அளந்துதான் கட்டியிருக்கிறான்.

இன்று காலை மானேஜர் என் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். ரோஜாச் செடிகள் வெறும் முள்ளும் இலையுமாக நின்றன.

"மிட்டி டீக் நஹீ ஹை, சாப்" என்றேன். மண் சரியில்லை என்று.

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தார். தனக்குத் தெரிந்த மருந்தைச் சொன்னார். இனி துரைமார் பிடிப்பது போதாது, வாரத்துக்குப் பத்து மீன் நானே கூடுதலாகப் பிடித்து இங்கே புதைக்கவேண்டும்.

"ஜீ, சாப்" என்றேன்.

நாளைக்குக் குயவர் தெருவுக்குப் போகவேண்டும். இருக்கிற பானை போதாது.